பழைய காரில் கூலண்ட் குறைகிறதா? ஹோஸ் முனையில் தேடத் தொடங்குங்கள்

மாருதி 800 போன்ற பழைய காரில் ரிசர்வ் டேங்க் மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், தரையில் ஒரு சொட்டும் தெரியாது. கசிகிற கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், சூடான இன்ஜினில் பட்டு அங்கேயே காய்ந்துவிடுவதுதான் காரணம். காய்ந்த இடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்கு கட்டியிருக்கும். தேட வேண்டியது அதைத்தான்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வைத்தியம் வேண்டாம். ஓட்டையை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

1. ஆறவிடுங்கள். ஒரு மணி நேரமாவது. ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கினால் விறைப்பில்லாமல் அமுங்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தம் இறங்கிய நொடியே கொதித்து முகத்தில் பீறிடும்.

2. இடத்தைக் கண்டுபிடியுங்கள். டார்ச் அடித்து ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் ஓரத் தையல், வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். பம்ப்பின் சிறு துளையில் ஈரம் இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்ப்பையே மாற்ற வேண்டும். காருக்குள் கால்மிதி நனைந்து இனிப்பு வாடை வந்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்.

3. மூடி. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், விலை குறைவுதான். மூடியில் அது தாங்கும் அழுத்தத்தைக் காட்டும் 0.9 என்பது போல எண் இருக்கும். அதே எண்ணுள்ள மூடியே வேண்டும். இன்ஜின் ஆறியதும் ஹோஸ் சப்பையாகிறதா? ஆறும்போது கூலண்ட்டைத் திரும்ப உள்ளே விடும் மூடியின் வேக்குவம் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

4. ஹோஸ். பலருக்குத் தவறுவது இங்கேதான். கசிகிறதென்று ஹோஸை இறுக்கும் கிளாம்ப்பைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ரப்பர் அறுபடும், ஹோஸ் மாட்டும் கழுத்து பிளாஸ்டிக்காக இருந்தால் விரிசல் விடும். கீழே சுத்தமான பேசின் வைத்துக் கூலண்ட்டை வடித்துவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் நெம்பாமல் திருகி எடுங்கள். உலோகக் கழுத்தில் படிந்த அரிப்பை 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பல கசிவுகளுக்கு அந்தப் பொருக்குதான் காரணம். ஹோஸ் முனை மட்டும் வெடித்து, நீளமும் மிச்சமிருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம். நடுவில் உப்பியோ கல்லாக இறுகியோ இருந்தால் புது ஹோஸ்தான். கிளாம்ப் கழுத்தின் விளிம்பு மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். அதன் ஓரத்தில் ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் முறுக்குவதை நிறுத்துங்கள்.

5. நிரப்புங்கள். அடர் கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஏற்கெனவே கலந்து விற்பதில் தண்ணீர் சேர்க்காதீர்கள். போர் தண்ணீர் உள்ளே உப்புப் படிய வைக்கும். ஹீட்டரைச் சூட்டில் வைத்து மெதுவாக ஊற்றுங்கள், இடையிடையே மேல் ஹோஸை அமுக்கிவிட்டால் காற்று வெளியேறும். மூடியை மாட்டி, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். முழுக்க ஆறியபின் திறந்து, குறைந்ததை ஊற்றுங்கள்.

வடித்த கூலண்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்புக்கு நாயும் பூனையும் நக்கும், அவற்றுக்கு அது விஷம்.

ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டு, ஒரு வாரம் காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால், ஆயில் மூடியடியில் பால் நிறப் பசை, ஓயாத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ என்ற சந்தேகம்தான். வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.