யூகேல பிரைவேட் கார் பார்க் ஃபைன் லெட்டர் வந்தா என்ன பண்ணணும்? ஸ்டெப் பை ஸ்டெப்

இங்கிலாந்துக்கு வந்து கார் வாங்கின நம்மாளுங்க பல பேருக்கு இந்த லெட்டர் ஒரு நாள் வந்துடுது. சூப்பர்மார்க்கெட்லயோ ஜிம்லயோ ரீடெய்ல் பார்க்லயோ காரை விட்டுட்டு வேலைய முடிச்சுட்டு வந்திருப்போம், ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கார் போட்டோ, நம்பர் பிளேட், உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம் எல்லாம் போட்டு 100 பவுண்ட் கட்டு, 14 நாளைக்குள்ள கட்டினா 60 பவுண்ட் போதும்னு ஒரு பேப்பர் வரும். பாதி பேர் பயந்து அன்னைக்கே கட்டிடுறாங்க, மீதி பேர் "அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, தூக்கிப் போடு"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல யாரோ சொன்னத நம்பி குப்பைல போட்டுடுறாங்க. ரெண்டுமே வேணாம். எங்க வீட்டுக்கு வந்த லெட்டர அப்பீல் வரைக்கும் கொண்டு போய் கேன்சல் பண்ண வச்சோம், அந்த வழிய அப்படியே எழுதுறேன். நான் வக்கீல் இல்ல. இது இங்கிலாந்து, வேல்ஸ்ல இருக்கவங்களுக்கு மட்டும்.

ஸ்டெப் 1: அனுப்பினது யாரு?

கவுன்சில் அனுப்புறது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், பிரைவேட் கம்பெனி அனுப்புறது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ், ரெண்டுக்கும் சுருக்கமா பிசிஎன்னு தான் போடுவாங்க, அதனால லெட்டர் தலைப்புல யார் பேர் இருக்குன்னு பாருங்க. கவுன்சில்னா இந்த போஸ்ட் உங்களுக்கு இல்ல, அதுக்கு ரூல்ஸே வேற. பிரைவேட்னா அது அரசாங்க அபராதம் கிடையாது, குற்றமும் கிடையாது, லைசென்ஸ்ல பாயின்ட் ஏறாது. "போர்டுல போட்ட கண்டிஷன மீறிட்ட, அதுக்குக் காசு கட்டு"ன்னு ஒரு கம்பெனி கேக்குது, அவ்ளோதான். ஆனா கோர்ட்டுக்குப் போற உரிமை அவங்களுக்கு உண்டு, அத மறந்துடக் கூடாது. 2015ல பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே 85 பவுண்ட் சார்ஜ் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. செம்ஸ்ஃபோர்டுல ஒரு ரீடெய்ல் பார்க், ரெண்டு மணி நேரம் ஃப்ரீ, பீவிஸ்ங்குற டிரைவர் 56 நிமிஷம் கூடுதலா இருந்துட்டார். அதனால "தொகை ரொம்ப அதிகம்"னு மட்டும் எழுதி அனுப்புற அப்பீல் இப்பல்லாம் எடுபடுறதே இல்ல.

ஸ்டெப் 2: நம்ம அட்ரஸ் அவங்களுக்கு எப்படி கிடைச்சுது?

எனக்கு முதல்ல கோபம் வந்தது இந்த விஷயத்துல தான். ஸ்வான்சீல இருக்குற டிவிஎல்ஏ (வண்டி, லைசென்ஸ் பதிவு பாக்குற அரசு ஆபீஸ்) கிட்ட நம்பர் பிளேட்டக் குடுத்து, ஒரு ரெக்கார்டுக்கு 2.50 பவுண்ட் கட்டி, அந்தத் தேதில அந்த வண்டியோட ரிஜிஸ்டர்டு கீப்பர் (வண்டி யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவர்) யாருன்னு பேரு அட்ரஸோட வாங்கிக்குறாங்க. 2002ஆம் வருஷ வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் ரூல்ஸ்ல 27வது விதி, "நியாயமான காரணம்" காட்டுறவங்களுக்கு விவரம் குடுக்கலாம்னு சொல்லுது. கம்பெனி பிபிஏ இல்லன்னா ஐபிசி, இந்த ரெண்டு பார்க்கிங் கம்பெனி சங்கத்துல ஒண்ணுல மெம்பரா இருக்கணும். நம்மகிட்ட சம்மதம் யாரும் கேக்க மாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு கோடிக்கும் மேல ரெக்கார்டு இப்படிப் போகுது.

இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: டிவிஎல்ஏ குடுக்குறது கீப்பர் பேரு மட்டும்தான். அன்னைக்கு ஓட்டினது யாருன்னு டிவிஎல்ஏவுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது, கேமராவுக்கும் பெரும்பாலும் தெரியாது. இனி வர்ற ஸ்டெப் எல்லாம் இது மேல தான் நிக்குது.

உங்க விவரத்த யாரெல்லாம் வாங்கினாங்கன்னு டிவிஎல்ஏவுக்கு மெயில் போட்டு கேக்கலாம், காசு கிடையாது, சாதாரணமா ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். அதே மாதிரி பார்க்கிங் கம்பெனிகிட்டயும் "என்னைப் பத்தி வச்சிருக்க எல்லா டேட்டாவும் குடு"ன்னு கேக்கலாம், போட்டோ, கேமரா டைம், மெஷின் பேமென்ட் லாக் எல்லாம் சேர்த்து கேளுங்க. லெட்டரோட பின்பக்கத்துலயோ வெப்சைட் பிரைவசி பேஜ்லயோ டேட்டா ப்ரொடெக்ஷன் ஆபீஸர் மெயில் ஐடி இருக்கும்.

ஸ்டெப் 3: கடை மேனேஜர்

அப்பீல் எழுதுறதுக்கு முன்னாடி இத ட்ரை பண்ணுங்க. நீங்க பொருள் வாங்கின கடைதான்னா ரசீத எடுத்துட்டு போய் கஸ்டமர் சர்வீஸ்ல நின்னு, மேனேஜர்கிட்ட கேன்சல் பண்ணித் தரச் சொல்லுங்க. ரசீது இல்லன்னா பேங்க் ஆப்ல அந்த நாள் பரிவர்த்தனை இருக்கும், அது போதும். என்னைக் கேட்டா இதவிட சுலபமான வழி இல்ல. இங்கயும் "இந்த வண்டிக்கு வந்த நோட்டீஸ்"னு மட்டும் சொல்லுங்க, எழுத்துல எதுவும் குடுத்தா ஸ்டெப் 4 படிச்சுட்டு குடுங்க.

ஸ்டெப் 4: "நான் பார்க் பண்ணேன்"னு எழுதாதீங்க

பிரைவேட் கம்பெனிகிட்ட யார் ஓட்டினாங்கன்னு சொல்லணும்னு சட்டம் எதுவும் இல்ல. போலீஸ் கேட்டா சொல்லியே ஆகணும், அது வேற சட்டம், குழப்பிக்காதீங்க. பொய் சொல்லச் சொல்லல, பொய் சொல்லவே கூடாது. சொல்லாம இருக்கலாம், அவ்ளோதான். "நான் உள்ள போனப்ப போர்டு தெரியல", "என் பையனுக்கு உடம்பு சரியில்ல அதான் லேட் ஆயிடுச்சு" இதெல்லாம் எழுதின அந்த நிமிஷமே ஓட்டினது நீங்கதான்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. அதுக்கு பதிலா எல்லா வாக்கியத்துலயும் "டிரைவர்"னு எழுதுங்க. "டிரைவர் உள்ளே வந்தபோது", "டிரைவர் பணம் கட்டினார்". கீழ "ரிஜிஸ்டர்டு கீப்பர்"னு போட்டு பேரு.

நம்ம ஆளுங்க நேர்மையா நடந்ததச் சொன்னா புரிஞ்சுப்பாங்கன்னு நினைச்சு ஒரு பக்கம் கதை எழுதிடுறாங்க. கம்பெனி அதுல தேடுறது அந்த ஒரு "நான்" மட்டும்தான்.

ஸ்டெப் 5: நாள் எண்ணுறது (இத அவசரமா படிக்காதீங்க)

எங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்தது இந்த இடம்தான், அதனால மெதுவா சொல்றேன்.

ஓட்டினது யாருன்னு தெரியாதப்ப கீப்பர்கிட்ட காசு கேக்குற உரிமை 2012ஆம் வருஷத்து ப்ரொடெக்ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் ஆக்ட், நாலாவது ஷெட்யூல்ல இருந்து வருது. அதே சட்டம்தான் பிரைவேட் இடத்துல வண்டிக்கு பூட்டு போடுறத தடை பண்ணிச்சு, அதுக்கு பதிலா இந்த உரிமையக் குடுத்துச்சு. ஆனா சும்மா குடுக்கல, கண்டிஷனோட குடுத்துச்சு. கண்ணாடில டிக்கெட் எதுவும் ஒட்டாம, கேமரா பாத்து நேரா போஸ்ட்ல அனுப்புற நோட்டீஸ்னா, பார்க் பண்ணின நாளுக்கு அடுத்த நாள ஒண்ணுன்னு வச்சு எண்ணி 14வது நாளுக்குள்ள அது உங்க கைக்கு வந்து சேந்திருக்கணும். அனுப்பியிருந்தா பத்தாது, சேந்திருக்கணும். போஸ்ட் பண்ணின நாளுக்கு அப்புறம் ரெண்டாவது வேலை நாள்ல சேந்துட்டதா சட்டம் எடுத்துக்கும். சனி, ஞாயிறு, பேங்க் ஹாலிடே வேலை நாள் இல்ல.

உதாரணத்துக்கு 2025 மார்ச் 3 திங்கக்கிழமை பார்க்கிங். மார்ச் 4 தான் முதல் நாள். 14வது நாள் மார்ச் 17, அதுவும் திங்கள். மார்ச் 13 வியாழன் அன்னைக்கு போஸ்ட் பண்ணா வெள்ளி ஒண்ணு, திங்கள் ரெண்டு, 17ஆம் தேதி சேந்துடும், சரி. மார்ச் 14 வெள்ளி அன்னைக்கு போஸ்ட் பண்ணா திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு, 18ஆம் தேதி. ஒரு நாள் லேட். 3ல இருந்து 14 வரைக்கும் 11 நாள்தானே, டைம்ல தான் அனுப்பியிருக்காங்கன்னு மேலோட்டமா பாத்தா தோணும். அங்கதான் எல்லாரும் விட்டுடுறாங்க.

லெட்டர்ல "இஷ்யூ டேட்"னு ஒண்ணு இருக்கும், அது போஸ்ட் பண்ணின தேதியா இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால கவர தூக்கிப் போடாதீங்க. கவர் மேல தேதி இருந்தா போட்டோ எடுங்க. நாள் எண்ண வெப்சைட் கால்குலேட்டர் வேணாம், முதல் நாள் எதுன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கும். சுவர்ல தொங்குற காலண்டர்ல பேனாவால வட்டம் போட்டு எண்ணுங்க.

தேதி சரியா இருந்தா அடுத்து உள்ள இருக்குற வாசகத்தப் பாருங்க. 28 நாளைக்குள்ள காசும் வரல, டிரைவர் பேரு அட்ரஸும் தெரியலன்னா கீப்பர்கிட்ட வசூல் பண்ண உரிமை உண்டுங்குற எச்சரிக்கை அந்த சட்டப்படி தெளிவா இருக்கணும். அது இல்லன்னா கீப்பர பிடிக்க முடியாது.

இப்ப ஸ்டெப் 4 ஏன்னு புரியும். நோட்டீஸ் லேட்டா வந்தா தப்பிக்கிறது கீப்பர் மட்டும்தான், டிரைவர் பொறுப்பு அப்படியே இருக்கு. "நான் தான் ஓட்டினேன்"னு எழுதிட்டா இந்த நாள் கணக்கு மொத்தமும் வீண்.

ஸ்டெப் 6: அப்பீல்

முதல் அப்பீல் கம்பெனிகிட்டயே. ஆன்லைன் ஃபார்ம்ல கீப்பரா டிரைவரான்னு கேக்கும், கீப்பர் செலக்ட் பண்ணுங்க. டிரைவர்னு மட்டும் ஆப்ஷன் இருந்தா அந்த ஃபார்மே வேணாம், லெட்டரா அனுப்புங்க. போஸ்ட் ஆபீஸ்ல சாதாரண ஸ்டாம்ப் ஒட்டி "சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங்" கேளுங்க, ஃப்ரீயா குடுப்பாங்க. கையெழுத்து வாங்குற ரெஜிஸ்டர் போஸ்ட்ட விட இதுதான் எனக்குப் பிடிக்கும், ஏன்னா அத வாங்காம திருப்பி அனுப்பிடலாம், இத அப்படி பண்ண முடியாது.

கேமரா டைமையும் கொஞ்சம் கவனிங்க. கேமரா பாக்குறது உள்ள நுழைஞ்சதும் வெளிய போனதும் தான், நடுவுல இடம் தேடி சுத்தினது, வெளிய போற க்யூல நின்னது எல்லாம் அதுல சேந்துடும். ரெண்டு சங்கமும் சேர்ந்து போட்ட இப்பத்திய கோட் ஆஃப் ப்ராக்டிஸ்ல (மெம்பர் கம்பெனிகளுக்கான விதிமுறை), பார்க்கிங் நேரம் முடிஞ்சதுக்கு அப்புறம் 10 நிமிஷம் கிரேஸ் உண்டு.

கம்பெனி நிராகரிச்சா அடுத்தது வெளில இருக்குற அப்பீல் அமைப்பு: பிபிஏ மெம்பர்னா பாப்லா, ஐபிசி மெம்பர்னா ஐஏஎஸ். பாப்லால அப்பீல் போட கம்பெனி ஒரு கோட் நம்பர் அனுப்புவாங்க, 28 நாள் டைம். பாப்லா எங்களுக்குப் பரவாயில்ல. சின்னச் சின்ன பாக்ஸ்ல டைப் பண்ணாதீங்க, எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா பண்ணி "அதர்"ங்குற காரணத்துல அப்லோட் பண்ணுங்க: காலண்டர் கணக்கு, நோட்டீஸ் ஸ்கேன், போர்டு போட்டோ. போர்டு போட்டோவ டிரைவர் சீட்ல இருந்து தெரியுற உயரத்துல எடுங்க, சாயங்காலம் நடந்ததுன்னா சாயங்காலமே போய் எடுங்க. கம்பெனி பதில் எவிடென்ஸ் போட்டா உங்களுக்கு கருத்து சொல்ல 7 நாள் கிடைக்கும், மெயில் ஸ்பேம்ல போயிடாம பாத்துக்கோங்க. எங்க கேஸ்ல கம்பெனி எவிடென்ஸே போடாம விட்டுட்டாங்க, கேன்சல் ஆயிடுச்சு. தோத்தாலும் பாப்லா முடிவு கம்பெனியத்தான் கட்டுப்படுத்தும், உங்கள இல்ல.

ஸ்டெப் 7: அதுக்கப்புறம் வர்ற லெட்டர்

வசூல் கம்பெனி பேர்ல சிவப்பு எழுத்துல 70 பவுண்ட் சேர்த்து 170னு லெட்டர் வரும். அவங்க பெய்லிஃப் (ஜப்தி பண்ண வர்ற கோர்ட் ஆளுங்க) இல்ல, கோர்ட் தீர்ப்பு இல்லாம வீட்டுக்கு வந்து எதையும் எடுக்க முடியாது. பயப்படாதீங்க, ஃபைல் பண்ணி வைங்க. ஆனா "லெட்டர் பிஃபோர் கிளெய்ம்" (கேஸ் போடுறதுக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை லெட்டர்) வந்தா 30 நாளைக்குள்ள பதில் போடணும். நார்தாம்ப்டன்ல இருந்து கோர்ட் கிளெய்ம் ஃபார்ம் வந்தா எல்லாத்தையும் நிறுத்திட்டு அத கவனிங்க. இஷ்யூ தேதில இருந்து 5 நாள் கழிச்சு சர்வ் ஆனதா கணக்கு, அதுல இருந்து 14 நாளைக்குள்ள ஆன்லைன்ல கிளெய்ம் கிடைச்சுதுன்னு அக்னாலெட்ஜ் பண்ணா டிஃபென்ஸ் போட மொத்தம் 28 நாள் கிடைக்கும். விட்டுட்டா அவங்க கேட்டாலே தீர்ப்பு ஆயிடும், ஒரு மாசத்துல கட்டலன்னா அந்த சிசிஜே (கவுன்ட்டி கோர்ட் தீர்ப்பு) 6 வருஷம் கிரெடிட் ஃபைல்ல இருக்கும். மார்ட்கேஜ் கனவோட காசு சேர்த்துட்டு இருக்குறவங்களுக்கு 100 பவுண்ட் லெட்டரால இப்படி ஆகக் கூடாது.

அப்டேட்: கமென்ட்ல வந்ததுக்கு பதில்

வீடு மாறினவங்க: லைசென்ஸ்ல அட்ரஸ் மாத்திட்டா போதும்னு பல பேர் நினைக்குறீங்க, போதாது. காரோட வி5சி லாக் புக் தனி, அதையும் மாத்தணும், ஆன்லைன்ல ஃப்ரீ. கம்பெனி டிவிஎல்ஏகிட்ட வாங்குறது அந்த அட்ரஸ்தான். பழைய வீட்டுக்கே எல்லா லெட்டரும் போய், கோர்ட் பேப்பரும் அங்கயே போய், வீட்டு லோனுக்கு அப்ளை பண்ணும்போது தான் சிசிஜே இருக்குன்னு தெரிஞ்சுதுன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. இன்னைக்கே மாத்துங்க ப்ளீஸ்.

மெஷின்ல நம்பர் தப்பா அடிச்சவங்க: ஓ எழுத்துக்கு பதிலா 0 அடிச்ச மாதிரி சின்ன தப்புன்னா காசு கட்டின ப்ரூஃப் காட்டினா கேன்சல் பண்ணணும், பெரிய தப்புன்னா 20 பவுண்டுக்கு குறைக்கணும், கோட் ஆஃப் ப்ராக்டிஸ்லயே இருக்கு.

லீஸ், வாடகைக் கார்: நோட்டீஸ் முதல்ல லீஸ் கம்பெனிக்குப் போகும், அவங்க உங்க பேரக் குடுத்துட்டு அட்மின் ஃபீ வேற போடுவாங்க. "நீங்களே கட்டிடாதீங்க, எனக்கு மாத்தி விடுங்க"ன்னு முன்னாடியே மெயில் போட்டு வைங்க.

ஏர்போர்ட்: ஊர்ல இருந்து வர்றவங்கள ஏத்த, திரும்பிப் போறவங்கள இறக்கி விட போற இடம். ஹீத்ரோ மாதிரி பைலா (அந்த இடத்துக்குன்னே தனிச் சட்ட விதி) இருக்குற ஏர்போர்ட் நிலத்துல இந்த 2012 சட்டத்தோட கீப்பர் பொறுப்பு வராது, ஸ்டெப் 4 அங்க இன்னும் முக்கியம். ஆனா ஹீத்ரோ டிராப் ஆஃப் சார்ஜ அடுத்த நாள் நள்ளிரவுக்குள்ள ஆன்லைன்ல கட்டிட்டா பிரச்சனையே இல்ல, அம்மா அப்பாவ இறக்கி விட்டுட்டு வீட்டுக்கு வந்த உடனே ஃபோன்ல கட்டிடுங்க.

கண்ணாடில டிக்கெட் ஒட்டியிருந்தா: 14 நாள் கணக்கு உங்களுக்கு கிடையாது. கீப்பருக்கு வர்ற நோட்டீஸ் 29வது நாளுக்கும் 56வது நாளுக்கும் நடுவுல வந்து சேரணும். அந்த டிக்கெட்டுக்கு உடனே பேரு போட்டு பதில் எழுதினா கம்பெனி டிவிஎல்ஏகிட்ட போகவே வேண்டியதில்ல, நீங்களே எல்லாத்தையும் குடுத்துட்டீங்க. அதனால டிக்கெட்டையும் போர்டையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, 26வது நாள் வாக்குல கீப்பரா அப்பீல் போடுங்க.