மெட்ரோ கட்டுரைகளைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியாவில் ரயில் பற்றி எழுத வருபவர்களுக்கு ஆர்வம் நிறையவே உண்டு. புதிய தடத்தில் சோதனை ஓட்டம் என்று காலையில் செய்தி வந்தால், மதியத்துக்குள் கட்டுரை மாறியிருக்கும். அந்த அவசரத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது: நடக்கப்போவதை நடந்ததாக எழுதிவிடுகிறோம்.

சென்னை மெட்ரோவையே பாருங்கள். கோயம்பேடு–ஆலந்தூர் தடம் 2015 ஜூன் 29 அன்று திறந்தது. முதல் கட்டம் 45 கி.மீ. முழுமையானது 2019 பிப்ரவரியில்தான். நடுவில் யாராவது "விரைவில் திறக்கப்படும்" என்று எழுதியிருந்தால், அந்த "விரைவில்" வருடக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கும். "தற்போது", "அண்மையில்" என்பவையும் இப்படித்தான் பழசாகிவிடும். யார், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று எழுதிவிட்டால் பத்து வருடம் கழித்துப் படித்தாலும் அந்த வரி சரியாகவே இருக்கும். இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். அடிக்கல், ஒப்புதல், சோதனை ஓட்டம், பாதுகாப்புச் சான்று, திறப்பு எல்லாம் தனித்தனிப் படிகள். ஒன்றை இன்னொன்றாக எழுதக் கூடாது.

நீளத்திலும் கவனம் வேண்டும். இரண்டாம் கட்டம் ஒரு செய்தியில் 118.9 கி.மீ., இன்னொன்றில் 116.1 கி.மீ. என்று இருக்கும். கட்டுரையின் ஓரத்தில் முக்கிய விவரங்களைக் காட்டும் தகவற்பெட்டியில் மட்டும் எண்ணை மாற்றிவிட்டு உள்ளே பழையதை விட்டுவிட்டால் கட்டுரை தன்னோடு தானே முரண்படும். அப்புறம், 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் நிலையங்களை மெட்ரோ பட்டியலில் சேர்ப்பதும் வேண்டாம்.

பெயர்களில்தான் மனக்கசப்பு அதிகம். 2020-இல் ஆலந்தூர், சென்ட்ரல், கோயம்பேடு பேருந்து நிலையம் ஆகிய மெட்ரோ நிலையங்களுக்குத் தலைவர்களின் பெயர்களைச் சேர்த்தார்கள். இப்படி மாறும்போது ஒருவர் தலைப்பை நகர்த்துவார், இன்னொருவர் திரும்ப மாற்றுவார். இரண்டாம் முறை கை வைக்கும் முன், கட்டுரையைப் பற்றிக் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். எந்தப் பெயர் தலைப்பானாலும் மற்றதை வழிமாற்றாக, அதாவது அந்தப் பெயரில் தேடினாலும் இதே கட்டுரைக்குக் கொண்டுவரும் பக்கமாக, வைக்கலாம். தேடி வரும் வாசகருக்குக் கட்டுரை கிடைத்துவிடும்.

"நேற்று நானே அதில் போனேன்" என்பது சான்றாகாது. ஆனால் போன இடத்தில் நீங்களே எடுத்த படம், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்துக்கு அருமையான பங்களிப்பு. மெட்ரோ நிறுவனத்தின் வரைபடத்தை மட்டும் அப்படியே ஏற்றாதீர்கள், அதற்குப் பதிப்புரிமை உண்டு.

புதியவர் எழுதியதை நீக்க நேர்ந்தால், ஏன் என்று, மாற்றத்தைச் சேமிக்கும்போது வரும் சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் தெரியாமல் தன் உழைப்பு மறைந்ததைப் பார்ப்பவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.