பேக்டெஸ்ட்டில் செத்த பங்குகளையும் சேர்ப்பது எப்படி

அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸின் இன்றைய பட்டியலை இறக்கி, அதிலுள்ள பங்குகளுக்கு இருபது ஆண்டு விலையை எடுத்து, ஏதாவது ஒரு முதலீட்டு உத்தியை அந்தப் பழைய விலைகளில் ஓட்டிப் பாருங்கள் (பேக்டெஸ்ட் என்பது இதுதான்). முடிவு அனேகமாக அழகாகத்தான் வரும். உத்தியின் திறமை அல்ல அது. திவாலானவை, தேய்ந்துபோனவை எல்லாம் ஏற்கெனவே கழிக்கப்பட்ட பட்டியல் அது. சர்வைவர்ஷிப் பயஸ் என்பது இதுதான்.

2001 நவம்பர் இறுதியில், திவாலாகும் தறுவாயில் இருந்த எரிசக்தி நிறுவனமான என்ரான் இந்த இண்டெக்ஸிலிருந்து வெளியேறியது. அதன் இடத்துக்கு வந்தது என்விடியா. இன்றைய பட்டியலோடு 2000-இல் சோதனையைத் தொடங்கினால் இரண்டு பிழைகள் சேர்ந்தே நடக்கும். 2000 ஆகஸ்டில் 90 டாலரைத் தொட்ட என்ரான் ஒரு டாலருக்கும் கீழே போன நஷ்டம் கணக்கில் வராது. இண்டெக்ஸுக்குள் இன்னும் வராத என்விடியாவை முன்கூட்டியே வாங்கியிருப்பீர்கள். முதல் பிழையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். லாபத்தை ஊதுவதில் பல நேரம் இரண்டாவதுதான் பெரியது. விலை ஏறி, பெரிய நிறுவனமான பிறகுதானே ஒரு பங்கு இண்டெக்ஸுக்குள் நுழைகிறது?

ஆகவே முதல் வேலை, உறுப்பினர் அட்டவணை. நிறுவனத்துக்கு ஒரு வரி என்று வைக்காதீர்கள். உள்ளே இருந்த ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வரி வேண்டும். வெளியே போய்த் திரும்பி வருபவையும் உண்டு. நிரந்தர அடையாள எண், நுழைந்த நாள், வெளியேறிய நாள், அறிவிப்பு நாள் என நான்கு பத்திகள் போதும். நுழைந்த நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளியேறிய நாளைச் சேர்க்காதீர்கள். இன்றும் உள்ளே இருப்பவற்றுக்கு வெளியேறிய நாளைக் காலியாக விடுங்கள். இந்த விதியை ஓரிடத்தில் மீறினாலும், மாற்றம் நடந்த நாளில் பழையதும் புதியதும் ஒன்றாக நிற்கும்.

அறிவிப்பு நாளும் அமலுக்கு வந்த நாளும் வேறு. டெஸ்லா சேரப்போவதாக 2020 நவம்பர் 16 அன்று சந்தை மூடிய பிறகு அறிவிப்பு வந்தது. சேர்ந்தது டிசம்பர் 21, சந்தை திறக்கும் முன். இடையில் விலை சுமார் 70% ஏறியது. நுழைந்த நாள் பத்தியில் நவம்பர் 16 என்று போட்டால் அத்தனையும் உங்கள் உத்தியின் லாபமாகிவிடும்.

விலை கொடுத்து அட்டவணை வாங்க முடியாதவர்கள் இன்றைய பட்டியலிலிருந்து பின்னோக்கி நடக்கலாம்: ஒவ்வொரு மாற்றத்திலும் சேர்ந்ததை எடுத்துவிட்டு, நீக்கப்பட்டதைத் திரும்பப் போடுவது. விக்கிப்பீடியாவில் இருக்கும் மாற்றப் பட்டியல் முழுமையானதல்ல, தேர்ந்தெடுத்த மாற்றங்கள்தான். பழைய ஆண்டுகளுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. நிரலில் இரண்டு தடைகளை வையுங்கள். எடுக்கப்போகும் பங்கு அந்த நேரத்துப் பட்டியலில் இல்லையென்றால் நிறுத்து. திரும்பப் போடும் பங்கு ஏற்கெனவே இருந்தாலும் நிறுத்து. விடுபட்ட மாற்றங்களும் பெயர் மாறிய டிக்கர்களும் (சந்தையில் ஒரு பங்கைக் குறிக்கும் எழுத்துச் சுருக்கங்கள்) பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். மொத்த எண்ணிக்கையையும் நாள்வாரியாகப் பாருங்கள். ஆல்ஃபபெட் போல இரு வகைப் பங்குகளோடு இருக்கும் நிறுவனங்களால் இப்போது 500-ஐச் சற்றுத் தாண்டும். 480-க்கு இறங்கினால் எதையோ தொலைத்திருக்கிறீர்கள்.

டிக்கரை அடையாளமாக வைப்பதுதான் அடுத்த குழி. ஜிஎம் என்ற டிக்கரில் 2009 ஜூனில் திவால் மனு போட்டது ஒரு நிறுவனம். 2010 நவம்பரில் அதே டிக்கரில் பட்டியலானது வேறொரு சட்டப்பூர்வ நிறுவனம். இரண்டையும் ஒட்டினால் பழைய பங்குதாரர் இழந்த பணம் மாயமாக மீண்டுவிடும். ஃபேஸ்புக் 2022 ஜூனில் எடுத்துக்கொண்ட மெட்டா என்ற டிக்கர், அதற்கு முன் ஓர் இடிஎஃப்பிடம் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதி) இருந்தது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அமெரிக்கப் பங்குத் தரவுத்தளமான சிஆர்எஸ்பியின் பெர்ம்னோ போன்ற, மறுபடி யாருக்கும் ஒதுக்கப்படாத எண்ணையே பயன்படுத்துங்கள்.

பட்டியல் சரியானாலும் விலை வழியாகப் பயஸ் திரும்ப நுழையும். இலவச விலைத் தளங்கள் பலவற்றில் டீலிஸ்ட் ஆன, அதாவது பங்குச் சந்தையிலிருந்தே நீக்கப்பட்ட பங்குகளே கிடைக்காது. விலை இல்லாத வரிகளை நிரல் சத்தமில்லாமல் நீக்கினால் என்ரான் மறுபடி காணாமல் போகும். எனவே விலை கிடைக்காத உறுப்பினர்களைத் தனிக் கோப்பில் எழுதவிட்டு, எத்தனை என்று எண்ணுங்கள். கையில் இருந்த பங்கு டீலிஸ்ட் ஆனால் காரணத்தைப் பாருங்கள். கையகப்படுத்தல் என்றால் பங்குக்குக் கிடைத்த பணத்தைச் சேருங்கள். மோசமான நிலையால் நீக்கப்பட்டு இறுதி விலை தெரியாவிட்டால், நியூயார்க் பங்குச் சந்தைப் பங்குகளுக்குக் கடைசி விலையிலிருந்து 30% நஷ்டம் (மைனஸ் 30%) போடுவது ஆய்வாளர்களிடையே பழக்கம். கடைசி விலையிலேயே விற்றதாக எழுதாதீர்கள். இண்டெக்ஸிலிருந்து நீக்கப்படுவது டீலிஸ்ட் அல்ல; அப்போது விற்பதா, வைத்திருப்பதா என்பது உத்தியின் விதியில் இருக்க வேண்டும்.

ஐந்து டாலருக்கு மேல் உள்ள பங்குகள் மட்டும் என்று வடிகட்டுபவர்கள் கவனியுங்கள். 2001 நவம்பருக்குப் பின் என்விடியா செய்த ஸ்பிளிட்களை (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) பெருக்கினால் 120 வரும். அன்று 60 டாலர் என்றால், ஸ்பிளிட்களுக்கு ஏற்பச் சரிக்கட்டிய விலையில் அது 50 சென்ட். வடிகட்டலுக்கு அன்றைய நிஜ விலை, லாபக் கணக்குக்கு மட்டும் சரிக்கட்டிய விலை.

கடைசியாகச் சோதனை. 2008 செப்டம்பர் 12 பட்டியலில், மூன்று நாள் கழித்துத் திவால் மனு போட்ட வங்கியான லீமன் பிரதர்ஸ் இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 18 பட்டியலில் டெஸ்லா இருக்கக் கூடாது. பிறகு எல்லா உறுப்பினர்களையும் சம அளவில் வாங்கி, காலாண்டுக்கு ஒருமுறை சமப்படுத்தி, வெளியாகியிருக்கும் எஸ் அண்ட் பி 500 சம எடை இண்டெக்ஸின் டிவிடெண்ட் சேர்ந்த ஆண்டு லாபத்தோடு ஒப்பிடுங்கள். சில ஆண்டுகள் மேலே, சில ஆண்டுகள் கீழே என்று சிறிய வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. எல்லா ஆண்டும் உங்களுடையதே மேலே நின்றால், விலை கிடைக்காதவற்றின் கோப்பைத் திறந்து 2008-இலிருந்து தேடத் தொடங்குங்கள்.