வீட்டு ஸ்டூடியோவா? காசை எல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டாதீர்கள்

வீட்டில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ போட நினைக்கும் பலர், இருக்கிற பணத்தில் முக்கால்வாசியைக் கம்ப்யூட்டருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் கேமிங் கம்ப்யூட்டர். பெரிய கிராபிக்ஸ் கார்டால் பாட்டுப் பதிவுக்குப் பயன் மிகக் குறைவு. அதைக் குளிர்விக்கச் சுற்றும் ஃபேனின் இரைச்சல் மட்டும் மைக்கில் ஏறும். நல்ல பிராசசரும் 16 ஜிபி ராமும் போதும். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களை, அதாவது முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலிகளை, அடுக்குகிறவர்களுக்கு 32 வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக்புக்கில் ராமைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே முடிவெடுங்கள்.

ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று பாடகர் சொன்னதும் புது கம்ப்யூட்டர் தேடுவது அடுத்த தவறு. முதலில் பஃபர் அளவைப் பாருங்கள், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை. 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) பஃபரை 1024 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லி செகண்ட் தாமதம். 128 வைத்தால் 3-க்கும் குறைவு. பதியும்போது 128, பதிந்தவற்றைக் கலக்கும் மிக்ஸிங்கில் 1024. விண்டோஸ் என்றால், தனக்கென ஆசியோ (ASIO) டிரைவர், அதாவது தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள், உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸாக (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள்.

அப்புறம் அறை. உண்மையில் பணம் போக வேண்டிய இடம் இதுதான். முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். தெருச் சத்தமும் நிற்காது, பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியும் அடங்காது. பத்தடிக்குப் பத்தடி அறை இன்னும் மோசம். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸிலேயே அதிரும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அறையின் நடுவில் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் அமுங்கிவிடும். நீங்கள் பேஸைக் கூட்டுவீர்கள். காரில் போட்டால் அதுவே குமுறும். இந்த அறையில் விலை உயர்ந்த மானிட்டர் ஸ்பீக்கர் (ஒலியை உள்ளபடி கேட்பதற்கான ஸ்டூடியோ ஸ்பீக்கர்) வைத்தும் பயனில்லை. நாலு அங்குல ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்யும் பஞ்சு) பலகைகளைத் துணி போர்த்தி மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும் வையுங்கள், நடுவிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

அதுவரை மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டன்சர் மைக்கும் வேண்டாம். பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்துப் பதியும். ஷூர் எஸ்எம்58 மாதிரி, அவ்வளவு நுட்பமாகப் பிடிக்காத ஒரு டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் கேபிளை மாற்றும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து கரன்ட் எடுங்கள். இரைச்சல் போகிறதே என்று எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.