எடை இடத்துல அடுத்த பெட்டியோட நம்பர்

சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கிடங்கு, அங்க இருக்க எடை மெஷினோட டேட்டாவ எங்க சி ஷார்ப் புரோகிராம் படிக்கும், மெஷினோட டிஎல்எல் (எங்க புரோகிராம் கூப்பிடுற கோடு ஃபைல்) சி பிளஸ் பிளஸ்ல எழுதுனது. புது டிஎல்எல் போட்ட அன்னிலேருந்து எடை எல்லாம் கன்னாபின்னான்னு வருது, எரர்னு ஒண்ணும் இல்ல.

காலிங் கன்வென்ஷன் (ஃபங்ஷன கூப்பிடுற முறை) மாத்திப் பாத்தேன், 32 பிட்டு 64 பிட்டு பாத்தேன், பேக் 1 (நடுவுல இடைவெளி விடாம அடுக்குற செட்டிங்) போட்டேன், ஒண்ணும் அசையல. மூணு நாள் போச்சு. அப்புறம் கோப்பிக்கடைல உக்காந்து லாக்க பாக்குறப்பதான் கண்ணுல பட்டுச்சு: முதல் பெட்டி எடை 1042, ரெண்டாவது பெட்டியோட நம்பரும் 1042!

ஒரு பெட்டியோட விவரம் வர்ற ஸ்ட்ரக்ட்ல (டேட்டா தொகுப்பு) முன்னாடி இருந்தது இன்ட் (4 பைட்டு முழு எண்) நம்பர், ஒரு பூல் (ட்ரூ இல்ல ஃபால்ஸ்), இன்ட் எடை. புதுசுல அந்த பூல் பக்கத்துலயே இன்னொரு பூல் சேத்திருக்காங்க. சி பிளஸ் பிளஸ்ல பூல் 1 பைட்டு, ஆனா நாம ஒண்ணும் சொல்லலன்னா பி இன்வோக் (சி ஷார்ப்லேருந்து டிஎல்எல்ல கூப்பிடுற வழி) அத 4 பைட்டா எடுத்துக்கும். ஒரே பூல் இருந்தப்போ பின்னாடி 3 பைட்டு பேடிங் (வெத்து இடம்) இருந்துச்சு, அதனால தப்பு வெளியவே தெரியல. ரெண்டானதும் சி பிளஸ் பிளஸ்ல 12 பைட்டு, சி ஷார்ப் பக்கம் 16. பெட்டிங்க விவரம் அடுத்தடுத்து இருக்கறதால, எடைன்னு நாம படிச்ச இடம் அடுத்த பெட்டியோட நம்பர்ல போய் விழுந்துச்சு. புது பூல் எப்பவும் ட்ரூன்னே வந்ததும் இதனாலதான், அது எடைய படிச்சிட்டு இருந்திருக்கு.

சைஸ்ஆஃப் போட்டா சி ஷார்ப்லயும் 12ன்னுதான் காட்டும், நம்பாதீங்க, அது மேனேஜ்ட் பக்கத்து கணக்கு, அதாவது சி ஷார்ப் தன் மெமரில வெச்சுக்கிற அளவு. டிஎல்எல் பக்கம் போற அளவ காட்டுற மார்ஷல்.சைஸ்ஆஃப்தான் 16ன்னு உண்மைய சொல்லுச்சு. ரெண்டு பூல் மேலயும் மார்ஷல்ஆஸ், அன்மேனேஜ்ட்டைப்.ஐ1 (1 பைட்டா எடுத்துக்கோன்னு சொல்றது) போட்டேன், 12 ஆயிடுச்சு, எடையும் சரியா வந்துருச்சு. அப்பாடா.