கிறிஸ்டோஃபர்சனைக் கேட்பது எப்படி: முதலில் அடுத்தவர் குரலில்

கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற பாணி இசையில் பாட்டு எழுதிப் பாடிய கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனை இதுவரை கேட்டதே இல்லை என்றால் அவருடைய ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குரல் கரகரக்கும், சுருதி அங்கங்கே சறுக்கும், இரண்டாவது பாட்டுக்குள் "இவரையா இப்படிக் கொண்டாடுகிறார்கள்?" என்று நிறுத்திவிடுவீர்கள். தன் குரலைத் தவளைக் குரல் என்று சொல்லிக்கொண்டவர்தான் அவர். முதலில் அவர் பாட்டை மற்றவர்கள் பாடிக் கேளுங்கள், அப்புறம் அவரிடம் வாருங்கள்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1936-இல் டெக்சாஸில் பிறந்தவர், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் படித்தவர், அமெரிக்க ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை காத்திருந்தும் அதை விட்டுவிட்டு 1965-இல் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய் கொலம்பியா ஸ்டூடியோவில் தரை பெருக்கினார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நாஷ்வில்லில் பாட்டு எழுதுபவரின் பிழைப்பே தன் பாட்டை ஒரு பெரிய பாடகர் பாடும்படி செய்வதுதான். அதனால் 'கவர்' (ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவது) என்றதும் ரீமிக்ஸ் மாதிரி எதையோ நினைக்க வேண்டாம். பல சமயம் எழுதியவர் பாடுவதற்கு முன்பே இன்னொருவர் பாடிய பதிவு வெளியாகிவிடும்.

சரி, முதல் ஜோடி 'சண்டே மார்னிங் கமிங் டவுன்'. 1969-இல் இதை முதலில் பதிவு செய்தவர் ரே ஸ்டீவன்ஸ், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். கன்ட்ரி நட்சத்திரம் ஜானி கேஷ் 1970-இல் தன் டிவி நிகழ்ச்சிக்காக மேடையில் பாடியதைப் போடுங்கள், பாடல் வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். குடித்த மயக்கம் தெளியாத ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் நடக்கிறான், யார் வீட்டிலோ கோழி பொரிக்கும் வாசனை, எங்கோ சர்ச் மணி, அவ்வளவுதான் கதை. போதையைச் சொல்லும் ஒரு வார்த்தையை மாற்றிப் பாடும்படி டிவிக்காரர்கள் கேட்டார்கள், கேஷ் எழுதியபடியே பாடினார். இந்த கேஷ் வீட்டுப் புல்வெளியில்தான் கிறிஸ்டோஃபர்சன் ஒருமுறை ஹெலிகாப்டரையே இறக்கினார். கையில் பீரோடு இறங்கினார் என்பது கேஷ் சொன்ன கதை, கிறிஸ்டோஃபர்சன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது கிறிஸ்டோஃபர்சனின் சொந்தப் பதிவுக்கு வாருங்கள். கேஷ் குரலில் ஒரு பெரிய மனிதரின் சோகமாக இருந்தது இங்கே அறையைப் பெருக்காமல் கிடக்கும் ஓர் ஆளின் சோகமாகிவிடும், எனக்கு இதுதான் நெருக்கம்.

அடுத்தது 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்'. இங்கே வரிசையை மாற்றி அவரையே முதலில் கேளுங்கள், பிறகு பாடகி சாமி ஸ்மித். ஓர் ஆண் "இந்த ராத்திரி மட்டும் கூட இரு" என்று கேட்பதற்கும் அதே வார்த்தைகளை 1970-இன் கன்ட்ரி இசையில் ஒரு பெண் கூச்சமில்லாமல் சொல்வதற்கும் உள்ள தூரம் கேட்டால்தான் தெரியும். கன்ட்ரி பட்டியலில் முதலிடம் போனது சாமி ஸ்மித் பாடியதுதான், பாட்டு எழுதியதற்காக கிறிஸ்டோஃபர்சனுக்கு கிராமியும் கிடைத்தது. நேரம் இருந்தால் கிளாடிஸ் நைட்டின் சோல் வடிவம், ஜான் ஹோல்ட்டின் ரெகே வடிவம் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

'ஃபார் த குட் டைம்ஸ்' பாட்டில் வேகத்தை மட்டும் கவனியுங்கள். ரே ப்ரைஸ் 1970-இல் வயலின்களோடு நாகரிகமாகப் பாடி முடித்துவிடுவார். ஆல் க்ரீன் 1972-இல் அதையே ஆறு நிமிடத்துக்கு மேல் இழுத்து, பிரியப் போகிறவளைப் போகவே விடமாட்டார்.

'மீ அண்ட் பாபி மெக்கீ'யைக் கடைசிக்கு வையுங்கள், ஏனென்றால் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினைக் கேட்ட பிறகு வேறு யார் பாடினாலும் காதில் ஏறாது. முதலில் ரோஜர் மில்லர், 1969, ஏதோ பயணக் கதை சொல்வதுபோல அலட்டாமல் பாடுவார். அப்புறம் கிறிஸ்டோஃபர்சன். பாபி என்ற பெயர் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஜாப்ளினுக்குப் போங்கள், இவர்கள் பாட்டில் பெண்ணாக இருந்த பாபி அவர் பாட்டில் ஆணாகிவிடுகிறான். வெறும் கிட்டாரோடு ஆரம்பித்து, வார்த்தைகள் தீர்ந்த பிறகும் நிற்காமல் கத்திக்கொண்டே ஓடும் பதிவு அது. 1970 அக்டோபரில் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு பாடியது, அடுத்த ஆண்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.

ஒவ்வொரு பாட்டுக்கும், கேட்கும் மியூசிக் ஆப்பில் எழுதியவர் பெயரைத் திறந்து பாருங்கள். 'பாபி மெக்கீ'யில் ஃப்ரெட் ஃபாஸ்டர் என்ற பெயரும் இருக்கும், தலைப்புக்கான யோசனையைக் கொடுத்த மான்யுமென்ட் ரெக்கார்ட்ஸ் முதலாளி அவர். இந்தப் பழக்கம் வேறொரு குழப்பத்திலிருந்தும் காப்பாற்றும்: கேஷ், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸோடு சேர்ந்து கிறிஸ்டோஃபர்சன் பாடிய 'ஹைவேமேன்' 1985-இல் பெரிய ஹிட், ஆனால் எழுதியவர் ஜிம்மி வெப்.

இவ்வளவும் கேட்டபின் அவருடைய 1970 ஆல்பத்தை முழுதாகப் போடுங்கள். அவர் குரலிலேயே 1973-இல் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைத் தொட்ட 'வை மீ' அதில் இல்லை, தனியாகத் தேடிக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர்கள் 1979-இல் வில்லி நெல்சன் முழுக்க இவர் பாடல்களையே பாடி வெளியிட்ட ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம், அதில் குரலைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது.