கொழும்பிலிருந்து ஒரு கஜுத் தோட்டம்: நடுகை முதல் விற்பனை வரை

புத்தளத்திலோ மன்னாரிலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ சில ஏக்கர் காணியை வைத்துக்கொண்டு கொழும்பில் தொழில் பார்ப்பவர்கள், பாதாமின் சில்லறை விலையைப் பார்த்துவிட்டு, அதை நமது காணியிலேயே வைக்கலாமா என்று கேட்பதுண்டு. மரம் வளரக்கூடும், ஆனால் காய்க்காது. பாதாம், குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரம். ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் சில நூறு மணித்தியாலங்கள் கிடைத்தால்தான் அதன் பூமொட்டுகள் ஒழுங்காக விரியும். பிறகு காய் முற்றும்வரை மழையற்ற நீண்ட கோடையும் வேண்டும். கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கு இவ்விரண்டையும் தருவதால்தான் உலகப் பாதாமின் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. நமது தாழ்நிலத்தில் அந்தக் குளிர் இல்லை. நுவரெலியாவில் ஓரளவு குளிர் இருந்தாலும் மழை விடாது.

அதே காணியில் கஜு, அதாவது மரமுந்திரிகை, நன்றாக வரும். பிரேசிலின் வடகிழக்கிலிருந்து போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்குக் கொண்டுவந்த இம்மரம், வறண்ட வலயத்தின் மணற்பாங்கான நிலத்துக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஆனால் நட்டுவிட்டுக் கொழும்பில் இருந்தால் தானாக வருமானம் வரும் என்ற எண்ணத்தோடு இறங்குபவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். கஜுத் தொழிலின் வரவைத் தீர்மானிப்பது, கோதிலிருந்து உடையாமல் வெளிவரும் முழுப்பருப்பின் பங்கேயாகும். கன்று வாங்குவது முதல் பொதியிடுவது வரை எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அதை வைத்தே எடுக்க வேண்டும்.

காணியும் கன்றும்

நீர் தேங்காத, ஆழமான மணல்கலந்த மண்ணே கஜுவுக்கு ஏற்றது. வரட்சியைத் தாங்கும் இம்மரம், வேரடியில் நிற்கும் நீரைத் தாங்காது. மாரிமழைக்குப் பின் இரண்டு நாள் கழித்தும் நீர் நிற்கின்ற துண்டை நடுகைக்கு விலக்கிவிட வேண்டும். பூக்கும் காலத்தில் மழை இல்லாதிருப்பது, ஆண்டு முழுவதும் எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட முக்கியமானது. நனைந்த பூங்கொத்து கருகி உதிரும். மேல் மாகாணத்தின் ஈரவலயத்தில் தழைத்து நிற்கும் பல கஜு மரங்கள் இலை நிறைந்தும் காய் குறைந்தும் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

விதைக் கன்றை வாங்காதீர்கள். பெரிய கொட்டை தரும் மரத்தின் விதையை நட்டால் அதே கொட்டை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை, ஏனெனில் கஜுவில் அயல் மகரந்தச் சேர்க்கையே அதிகம். ஒரே வரிசையில் நிற்கும் பத்து விதை மரங்களும் பத்து விதமாகக் காய்க்கலாம். பருப்பின் அளவு சீராக இல்லாவிட்டால் வெட்டும் பொறியின் கத்தியைச் சரியாகப் பொருத்த முடியாது, ஆகவே பருப்பு உடையும். தெரிவுசெய்யப்பட்ட தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளை இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தின் ஊடாகவோ நம்பகமான நாற்றுமேடையிலிருந்தோ பெற்றுக்கொள்ளுங்கள். பருவம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

60 சென்டிமீற்றர் நீளம், அகலம், ஆழம் கொண்ட குழிகளை முன்கூட்டியே வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, வடகீழ்ப் பருவமழை நிலைபெற்ற பின் ஐப்பசி, கார்த்திகையில் நட வேண்டும். மரத்துக்கு மரம் 7.5 மீற்றர் இடைவெளி விட்டால் ஓர் ஏக்கரில் 70க்குச் சற்று மேற்பட்ட மரங்கள் நிற்கும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே முளைக்கும் தளிர்களை விடாமல் கிள்ளி எறிய வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒட்டு அடங்கி, கீழிருந்த நாட்டுக் கன்றே மரமாகிவிடும். தொலைவிலிருந்து தோட்டம் நடத்துபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் தோன்றும் பூக்களையும் அகற்றுவது மரத்துக்கு நல்லது. மூன்றாம் ஆண்டிலிருந்து சிறிது காய்க்கும். நம்பிக் கணக்குப் போடக்கூடிய விளைச்சலுக்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வரிசைகளுக்கிடையே கச்சான், பயறு, கௌபி போன்றவற்றைப் பயிரிட்டால் காவற்காரரின் கூலியாவது வந்துவிடும், களையும் அடங்கும்.

நோய், பூச்சி என்று பார்த்தால் இரண்டை மட்டும் கண்டிப்பாக அறிந்திருக்க வேண்டும். தேயிலைக்கும் கெடுதி செய்யும் ஒரு சாறுறிஞ்சும் பூச்சி, இளந்தளிரையும் பூங்கொத்தையும் குத்திக் கருக்கிவிடும். மரத்தில் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்புகள் அதை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. பறிக்க வருபவர்களைக் கடிக்கிறது என்பதற்காக அக்கூடுகளை எரித்துவிடுவது இலாபத்தை எரிப்பதாகும். மற்றது தண்டு துளைப்பான். அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் தெரிந்தால் பட்டையைச் சீவிப் புழுவை எடுத்துவிட வேண்டும். இலை மஞ்சளான பிறகு பார்த்தால் மரம் தப்புவது அரிது.

பொறுக்குதலும் உலர்த்துதலும்

கொட்டையை மரத்திலிருந்து பறிக்கக் கூடாது, விழுந்ததையே பொறுக்க வேண்டும். பழத்தோடு சேர்ந்து தானாக விழும் கொட்டைதான் முற்றியது. களவுக்குப் பயந்து முன்கூட்டிப் பறிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படிப் பறித்த கொட்டையில் பருப்பு சுருங்கி இருப்பதுடன் மெல்லிய தோலும் எளிதில் உரியாது. களவுதான் சிக்கல் என்றால், பருவத்தின் சில மாதங்களுக்கு ஒருவரைக் கூலிக்கு நிறுத்துவதே மலிவானது.

விழுந்த அன்றே பழத்தைத் திருகி நீக்கி, கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பிப் புரட்டிக் காயவைத்து, ஈரப்பதத்தை 8 முதல் 9 வீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். நன்றாகக் காய்ந்த கொட்டையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஒலி கேட்கும். சணல் சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஈரக் கொட்டையைச் சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. லொறிக் கூலி நீருக்குப் போகும், பருப்பில் பூஞ்சணமும் பிடிக்கும்.

பிறரிடம் கொட்டை வாங்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரு கிலோவில் எத்தனை கொட்டைகள் என்று எண்ணுங்கள்; எண்ணிக்கை குறையக் குறையக் கொட்டை பெரியது. சிலவற்றை நீரில் போட்டால் பருப்பற்றவை மிதக்கும். பிறகு ஒரு கிலோவை அங்கேயே வெட்டி, நல்ல பருப்பை மட்டும் நிறுத்துப் பார்த்த பின் விலை பேசுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கோது நீக்கும் வேலை

பெரும்பாலான இழப்பு இங்கேதான் நிகழ்கிறது. கஜுக் கோதின் இரண்டு படைகளுக்கு நடுவே இருக்கும் கருநிற எண்ணெய் தோலைப் பொசுக்கும். திறந்த தாச்சியில் வறுக்கும்போது எழும் புகை கண்ணையும் நெஞ்சையும் வாட்டும். ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டு முற்றத்தில் இதைச் செய்து பார்க்க நினைக்காதீர்கள், அயலவர் முறையிடுவதற்கு முன்பே உங்கள் கை புண்ணாகிவிடும். கோது நீக்கும் வேலையைத் தோட்டத்துக்கு அருகிலும், இறுதித் தரம்பிரிப்பையும் பொதியிடலையும் கொழும்பிலும் வைத்துக்கொள்வதே பொருத்தமானது.

வறுப்பதைவிட நீராவியில் வேகவைக்கும் முறை பருப்பின் நிறத்தைக் காக்கும். அளவுவாரியாகச் சலித்த கொட்டையை, கொட்டையின் அளவுக்கும் கொதிகலனின் அழுத்தத்துக்கும் ஏற்ப, ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடம் நீராவியில் வைத்து, பிறகு காற்றில் பரப்பி ஓர் இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். இப்படி ஆறவிடும் நேரத்தைச் சுருக்குபவர்களே அதிகம். ஆறும்போதுதான் கோது மொறுமொறுப்பாகி, பருப்பு கோதைவிட்டு விலகுகிறது. சூடாக இருக்கையில் வெட்டினால் பருப்பும் சேர்ந்து பிளக்கும். கால்மிதி கொண்ட எளிய வெட்டும் பொறி ஒரு சிறு நிறுவனத்துக்குப் போதும். வெட்டுபவர்களுக்குக் கையுறை கொடுங்கள். கையுறையோடு வேகம் வராது என்பவர்கள் குறைந்தது கையில் தாவர எண்ணெயாவது பூசிக்கொள்ள வேண்டும்.

கூலியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதும் பருப்பின் தரத்தைத் தீர்மானிக்கும். வெட்டிய மொத்த எடைக்குக் கூலி என்றால் கை அவசரப்படும். முழுப்பருப்பின் எடைக்குக் கூடுதலாகவும் உடைந்ததற்குக் குறைவாகவும் கொடுத்தால், சொல்லாமலேயே கை நிதானிக்கும். இதன் பெறுமதியைக் கணக்கில் பாருங்கள்: 100 கிலோ கொட்டையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோ பருப்பு கிடைக்கிறது. துண்டு, முழுப்பருப்பின் பாதி விலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ முழுதாகவும் 5 கிலோ துண்டாகவும் வந்தால், 22.5 கிலோ முழுப்பருப்பின் விலை கிடைக்கும்; 14 கிலோ முழுதாகவும் 11 கிலோ துண்டாகவும் வந்தால் 19.5 கிலோவின் விலைதான். கொட்டைக்கும் விறகுக்கும் செலவு ஒன்றாக இருக்க, 3 கிலோவின் விலை கைநழுவிப் போகிறது.

வெட்டியெடுத்த பருப்பை மெல்லிய தோலோடு தட்டுகளில் பரப்பி, 70 பாகை அளவிலான வெப்பக்காற்றில் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் உலர்த்த வேண்டும். இடையில் தட்டுகளை இடம் மாற்றாவிட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் ஈரமாக இருக்கும். உலர்ந்து சுருங்கிய தோலை விரலாலேயே உரிக்கலாம். உலோகக் கத்தியால் சுரண்டினால் வடு விழும், தரம் இறங்கும்.

தரம், பொதி, சந்தை

உலகச் சந்தையில் முழுப்பருப்பின் தரம், ஓர் இறாத்தலுக்கு எத்தனை பருப்பு என்பதால் குறிக்கப்படுகிறது. டபிள்யூ 320 என்றால் ஓர் இறாத்தலில் 300 முதல் 320 வரை, டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240 வரை. டபிள்யூ 180 பெரியதும் விலை கூடியதும் ஆகும். அதிகமாகப் புழங்குவது 320. இதற்குக் கீழே கருகியவை, பாதிகள், பெருந்துண்டு, சிறுதுண்டு என்று பிரியும். எல்லாவற்றையும் ஒரே பையில் கலந்து ‘கஜு’ என்று விற்பவர், பெரிய பருப்பையும் துண்டின் விலைக்கே கொடுக்கிறார்.

பொதியிடும்போது ஈரப்பதம் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. கொழும்பின் கடற்காற்றில் திறந்து வைத்த பருப்பு சில மணித்தியாலங்களிலேயே ஈரத்தை இழுத்து நமத்துப்போகும் என்பதால், குளிரூட்டிய அறையில் பொதியிட்டு அன்றைக்கே மூடுங்கள். சாதாரணப் பொலித்தீன் பை போதாது. காற்றுப் புகாத படலப் பையில் வெற்றிடமாக்கியோ நைதரசன் நிரப்பியோ மூடினால்தான் எண்ணெய்க் காறல் தள்ளிப்போகும்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்து, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான சுட்டுத்துண்டு விதிகளை அச்சடிப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். நிகர எடை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளரின் முகவரி, ஒவ்வாமை எச்சரிக்கை ஆகியவற்றை மூன்று மொழிகளிலும் இடுவது, பிறகு ஆயிரக்கணக்கான பைகளைத் தூக்கி எறிவதைத் தவிர்க்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் வருமுன் நீங்களே அழைத்து இடத்தைக் காட்டுவது நல்லது.

விற்பனையில் ஒவ்வொரு தரத்துக்கும் வெவ்வேறு வாசல் இருக்கிறது. பெரிய முழுப்பருப்பைப் பரிசுப் பொதியாகத் தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு காலங்களில் அலுவலகங்களுக்கு நேரடியாக விற்கலாம். பாதிகளை, பாயாசத்துக்கும் பிரியாணிக்கும் கல்யாணச் சமையல்காரர்களும் உணவகங்களும் கேட்பார்கள். சிறுதுண்டுக்குக் கொழும்பில் உள்ள தேவையை வெளியூர்க்காரர் பலர் அறிவதில்லை: லவ் கேக்குக்கும் நத்தார் கேக்குக்கும் கஜுவை எப்படியும் நறுக்கத்தான் போகிறார்கள், நோன்புப் பெருநாளில் வட்டிலப்பத்தின் மேல் தூவுவதற்கும் துண்டே போதும். பேக்கரிகளிடம் ஐப்பசியிலேயே பேசி அளவை உறுதிசெய்துகொண்டால், மார்கழியில் துண்டு தேங்காது. கறிக்குக் கேட்கும் வறுக்காத கஜுவுக்கும் தனிச் சந்தை உண்டு. புத்தாண்டுக்கு முன்பு அதன் தேவை ஏறும். புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் பெருந்தொகையை ஒரே நாளில் எடுப்பார்கள், ஆனால் கடனுக்கு எடுப்பார்கள். கண்டி வீதியின் கஜுகமவில் வழிப்போக்கருக்கு விற்பவர்கள் கைக்காசு தருவார்கள், சிறிதாகவே எடுப்பார்கள். புதிதாகத் தொடங்குபவர், முதலீடு முழுவதையும் ஒரு மொத்த வியாபாரியின் கடன் கொப்பிக்குள் அடைத்துவிடக் கூடாது.

ஏற்றுமதியை முதலாண்டிலேயே நினைக்க வேண்டாம். அந்தச் சந்தை, 11.34 கிலோ கொண்ட தகரங்களாகவோ பைகளாகவோ, ஒரே தரத்தில், தொன் கணக்கில் கேட்கும். ஒரு தோட்டத்தின் விளைச்சல் அதற்குப் போதாது. அயல் காணிக்காரர்களின் கொட்டையையும் வெட்டிப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று பருவங்கள் ஒரே தரத்தைக் கொடுக்க முடிகிறது என்று உறுதியான பின், ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் பதிவுசெய்துகொள்ளுங்கள். வாங்கும் நாடு தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்டால், கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவையில் அதைப் பெறலாம்.